எலிசபெத் தெரு 48: ஒரு வீடும் அதன் பேரேடும்

பி.காம். படிக்கிற பையனுக்கு அமெரிக்காவில் இருக்கும் ஒரு பழைய வீட்டோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கணக்கியல் வரலாறு பற்றி ஏதாவது ஒரு தலைப்பில் கட்டுரை கொண்டு வரச் சொன்னார்கள். தேய்மானம் எப்போது, எங்கே, எதற்காகக் கணக்கில் ஏறியது என்று தேடிக்கொண்டு போனேன். ரயில்வே கம்பெனிகள் வந்தன, நூற்பாலைகள் வந்தன. அதோடு, எதிர்பார்க்கவே இல்லை, மனிதர்கள் வந்தார்கள். அமெரிக்கத் தென்மாநிலப் பண்ணைகளில் வருட ஆரம்பத்தில் ஒவ்வொரு அடிமைக்கும் ஒரு விலை, வருடக் கடைசியில் ஒரு விலை, இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் லாபமா நஷ்டமா என்று எழுதுவதற்கு அச்சடித்த நோட்டுப் புத்தகமே விற்றிருக்கிறார்கள். மிசிசிப்பியைச் சேர்ந்த தாமஸ் ஆஃப்லெக் என்பவர் 1840களின் பிற்பகுதியில் தயாரித்து விற்றது. நம் பாடப் புத்தகத்தில் இயந்திரத்துக்குப் போடும் அதே அட்டவணைதான். கெய்ட்லின் ரோசன்தால் என்ற வரலாற்றாசிரியர் 2018இல் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார்.

அங்கிருந்து ஒன்று பிடித்து ஒன்றாகப் போய், தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரத்தில், எலிசபெத் தெரு 48ஆம் எண் வீட்டில் வந்து நின்றேன் (இணையத்தில்தான். நேரில் போக விமான டிக்கெட்டுக்கு யார் பணம் கொடுப்பார்கள்?). அந்த வீட்டின் பெயர் ஏக்கன்-ரெட் வீடு. இன்று அது அருங்காட்சியகம். அந்த வீட்டையும் அதைச் சுற்றியுள்ள பேட்டையையும் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் ஊர். ஆங்கிலேயர்கள் 1670இல் அந்தக் கரையில் குடியேறினார்கள். பத்து வருடம் கழித்து ஆஷ்லி, கூப்பர் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு மாதிரியான நிலத்துக்கு ஊரை மாற்றினார்கள். அரசர் இரண்டாம் சார்லஸின் பெயரால் சார்ல்ஸ் டவுன். சுதந்திரப் போர் முடிந்த 1783இல்தான் சார்ல்ஸ்டன் என்று சுருங்கியது. ஏற்றுமதி அரிசி, அவுரி, பிறகு பருத்தி. இறக்குமதி மனிதர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து நேராக வட அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகளில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் இந்த ஒரு துறைமுகம் வழியாக வந்தவர்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

வீடு இருக்கும் பேட்டைக்கு ரேக்பரோ என்று பெயர். ஜோசஃப் ரேக் என்ற வியாபாரியின் குடும்ப நிலம் அது. 1730களில் சார்ல்ஸ்டனின் மிகப் பெரிய அடிமை இறக்குமதியாளர்களில் அவர் ஒருவர். அவர் மகன் ஜான் ரேக் 1796இல் இறந்த பிறகு நிலம் உறவினர்களுக்குள் பிரிக்கப்பட்டது. 1801இல் தெருக்கள் போட்டு, மனைகளாகப் பிரித்து, ஒரு சதுக்கத்தையும் ஒரு நீள்பூங்காவையும் ஊர்ப் பொதுவுக்கென்று விட்டார்கள். தெருக்களுக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? ஜோசஃப் ரேக்கின் பிள்ளைகளின் பெயர்கள். ஆன், சார்லட், எலிசபெத், ஹென்ரியேட்டா, ஜான், ஜூடித், மேரி. அழகான, வீட்டுத்தனமான பெயர்கள். இன்றைக்கும் அதே பெயர்கள்தான். அந்த ஊரில் தபால்காரர் தினமும் ஓர் அடிமை வியாபாரியின் குழந்தைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போகிறார் என்று எனக்குத் தோன்றியது. அங்கே வசிப்பவர்களுக்கு அப்படித் தோன்றாது. தெருப்பெயரை யார் யோசித்துப் பார்க்கிறார்கள்?

அந்த எலிசபெத் ரேக் பீட்டர் மானிகோ என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர்களுடைய மகன்களில் ஒருவரான ஜோசஃப் மானிகோ அரிசிப் பண்ணை முதலாளி. அவருக்காக அவருடைய அண்ணன் கேப்ரியல் வரைபடம் போட்டு 1803இல் கட்டிய மாளிகை இதே பேட்டையில், மீட்டிங் தெருவில் இருக்கிறது. அதன் கதை தனிக் கதை. பின்னால் வருகிறேன்.

நம் வீட்டை 1820இல் கட்டியவர் ஜான் ராபின்சன் என்ற வியாபாரி. நடுவில் கூடம், இரு பக்கமும் அறைகள், தெற்கே ஜூடித் தெருவைப் பார்த்த வாசல், காற்றுக்காக நீண்ட தாழ்வாரங்கள். கடல் வியாபாரத்தில் இருந்தவருக்கு 1825இல் ஐந்து கப்பல்கள் போய்விட்டன. கடனை அடைக்க வீட்டை விற்க வேண்டியதாயிற்று. ஒரே தொழிலில் எல்லாப் பணத்தையும் போடாதே என்று நம்ம ஃபைனான்ஸ் வகுப்பில் சொல்வதற்கு ஐந்து கப்பல் அளவில் ஓர் உதாரணம்.

வாங்கியவர் வில்லியம் ஏக்கன். அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியிலிருந்து பிழைக்க வந்து பருத்தி வியாபாரத்தில் பணம் சேர்த்தவர். 1827இல் வாங்கினார், குடியிருக்க அல்ல, வாடகைக்கு விட. இந்த மனிதரிடம் இன்னொரு சுவாரசியம் உண்டு. தென் கரோலினா ரயில் கம்பெனியின் முதல் தலைவர் இவர். ஆற்றுவழி வரும் பருத்தி எல்லாம் பக்கத்து மாநிலத்து சவான்னா துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைத் தங்கள் பக்கம் இழுக்க, உள்நாட்டில் ஹாம்பர்க் என்ற ஆற்றங்கரை ஊர் வரை இருப்புப்பாதை போட்டார்கள். 1830 கிறிஸ்துமஸ் நாளன்று அவர்களுடைய 'பெஸ்ட் ஃப்ரெண்ட் ஆஃப் சார்ல்ஸ்டன்' என்ற நீராவி எஞ்சின் பயணிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. 1833இல் பாதை முடிந்தபோது 136 மைல், அன்றைக்கு உலகத்திலேயே நீளமான ரயில் பாதை. அதைப் பார்க்க ஏக்கன் இல்லை. 1831இல் குதிரை வண்டி விபத்தில் இறந்துவிட்டார். ரயில்வே தலைவர் குதிரை வண்டியில் சாவது விதியின் விளையாட்டு என்றால், எஞ்சினின் முடிவு இன்னும் மோசம். அதே வருடம் ஜூனில், நீராவி வெளியேறும் சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று நெருப்பு போடுகிற ஆள் பாதுகாப்பு வால்வை அமுக்கிப் பிடித்திருக்கிறார். பாய்லர் வெடித்துவிட்டது.

வீடு மகனுக்கு வந்தது. அவர் பெயரும் வில்லியம் ஏக்கன்தான். 1831இல் ஹாரியட் லோண்ட்ஸ் என்பவரை மணந்து, 1833 வாக்கில் இந்த வீட்டுக்குக் குடிவந்தார்கள். வந்ததும் வாசலை மாற்றினார்கள். ஜூடித் தெருவைப் பார்த்த வாசல் மூடப்பட்டு எலிசபெத் தெருப் பக்கம் புது நுழைவாயில் வந்தது. விருந்து வைக்கப் பெரிய கூடங்கள் சேர்ந்தன. பின்னால் 1857, 58இல் ஐரோப்பா சுற்றிவிட்டு ஓவியங்களும் பளிங்குச் சிலைகளும் வாங்கிவந்து, அவற்றை வைப்பதற்கென்று மேலிருந்து வெளிச்சம் விழும் ஒரு கலைக்கூடத்தையே வீட்டோடு ஒட்டிக் கட்டினார்கள்.

இளைய ஏக்கனின் அரசியல் வாழ்க்கையை இரண்டு வரியில் முடித்துவிடலாம். 1844 முதல் 1846 வரை மாநில ஆளுநர். 1851 முதல் 1857 வரை காங்கிரஸ் உறுப்பினர். 1856இல் சபாநாயகர் தேர்தலில் இரண்டு மாதம் இழுத்து, 133ஆவது வாக்கெடுப்பில் 103க்கு 100 என்று நதேனியல் பேங்க்ஸிடம் தோற்றார்.

எனக்கு வேண்டியது அவர் பணம் எங்கிருந்து வந்தது என்பது. பாரிஸ் சரவிளக்கும் இத்தாலியச் சிலையும் ஆளுநர் சம்பளத்தில் வராது. பதில் ஊருக்குத் தென்மேற்கே, எடிஸ்டோ ஆற்றில் இருக்கும் ஜெஹோஸி என்ற தீவில் இருக்கிறது. அது முழுக்க நெல்.

நெல் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அமெரிக்கா என்றால் கோதுமை, சோளம் என்றுதான் மனதில் பதிந்திருக்கிறது. ஆனால் இந்தக் கரையோரத்தின் செல்வத்தில் பெரும்பங்கு 'கரோலினா கோல்ட்' என்ற நெல்லில் வந்தது. சாகுபடி முறை கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். கடல் ஏற்றத்தின்போது உப்புத்தண்ணீர் ஆற்று முகத்துவாரத்தில் ஏறும். அதற்கும் மேலே, உப்பு எட்டாத இடத்தில், ஆற்றின் நல்ல தண்ணீர் பின்னால் தள்ளப்பட்டு மட்டம் உயரும். அந்த இடமாகப் பார்த்து வயல் அமைத்தார்கள். சதுப்புக்காட்டை வெட்டி, கரை எழுப்பி, கால்வாய் தோண்டி, மரத்தால் மதகு வைத்தார்கள். ஏற்றத்தில் மதகைத் திறந்தால் வயலுக்குத் தண்ணீர், வற்றத்தில் திறந்தால் வடிகால். பம்பு வேண்டாம், ஏற்றம் வேண்டாம், நிலா பார்த்துக்கொள்ளும். கரை ஒரு அடி தாழ்வாக இருந்தாலோ மதகு அரை நாள் தாமதமாகத் திறந்தாலோ பயிர் போயிற்று.

இதையெல்லாம் இங்கிலாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வந்தவர்கள் தெரிந்துவைத்திருந்தார்களா? நெல்லைப் பார்த்தே இராதவர்கள் அவர்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் பல தலைமுறைகளாக நெல் விளைவித்த பகுதிகளிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களின் அறிவு இதில் எவ்வளவு என்பது வரலாற்றாசிரியர்களுக்குள் பெரிய விவாதம். அளவைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். விதைத்தது, களை எடுத்தது, முறத்தில் புடைத்தது, உரலில் குத்தியது யார் என்பதில் சண்டையே இல்லை. நெல் வயலில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் வேலை, மலேரியா, வயிற்றுப்போக்கு. நெற்பண்ணைகளில் குழந்தைச் சாவு மிக அதிகம்.

ஏக்கனிடம் ஜெஹோஸியில் 700க்கும் மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள். மாநிலத்திலேயே மிகப் பெரிய அடிமை உடைமையாளர்களில் ஒருவர். 1850இல் சோலன் ராபின்சன் என்ற விவசாயப் பத்திரிகையாளர் அந்தத் தீவைப் பார்த்துவிட்டு வந்து, வீடுகள் வரிசையாக இருக்கின்றன, ஆஸ்பத்திரி இருக்கிறது, கோயில் இருக்கிறது, நல்ல முதலாளி என்ற ரீதியில் பாராட்டி எழுதினார். இன்றும் ஏக்கனைப் பற்றிய சில குறிப்புகளில் 'கருணையுள்ள எஜமானர்' என்ற வாசனை அடிக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சொத்தைப் பராமரிப்பது நல்ல கணக்குப்பிள்ளையின் குணம், அவ்வளவுதான். ரயில் கம்பெனிகூடத்தான் எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிறது.

சரி, மறுபடி எலிசபெத் தெருவுக்கு வருவோம். வீட்டின் முன்பக்கத்தைவிடப் பின்கட்டுதான் முக்கியம். உயரமான சுவர் எழுப்பிய நீண்ட முற்றம். ஒரு பக்கம் சமையற்கட்டும் சலவைக்கட்டும். எதிர்ப்பக்கம் குதிரை லாயமும் வண்டிக் கொட்டகையும். கடைக்கோடி மூலைகளில் செங்கல் கழிவறைகள். அந்தக் கழிவறைக்கும் லாயத்துக்கும்கூட தேவாலயம் போல கூர்முனை வளைவு வைத்து அழகு பார்த்திருக்கிறார்கள். சமையற்கட்டின் மாடியில் ஒரு நடைவழி, அதை ஒட்டி வரிசையாக அறைகள். அங்கேதான் வீட்டு வேலை செய்த அடிமைகள் இருந்தார்கள். லாயத்துக்கு மேலேயும் சிலர். சில அறைகளில் கணப்பு உண்டு. சுவரில் அந்தக் காலத்துச் சாயத்தின் மிச்சம் இன்னும் தெரிகிறது. அமெரிக்க நகரங்களில் இவ்வளவு முழுமையாகத் தப்பிப் பிழைத்த பின்கட்டு மிக அபூர்வம்.

பெயர்களும் சில கிடைத்திருக்கின்றன. ஆன் கிரெக்ஸ், அவர் மகன் ஹென்றி. டோர்கஸ் ரிச்சர்ட்சன், அவர் கணவர் சாம்போ, அவர்களுடைய பிள்ளைகள். சார்ல்ஸ் ஜாக்சன். ஆன்டனி பார்ன்வெல். தீவில் இருந்த பெரும்பாலோருக்கு நம்மிடம் எண்ணிக்கைதான் இருக்கிறது. இங்கே முற்றத்தில் இருந்தவர்களில் சிலருக்காவது முழுப் பெயர் இருக்கிறது. பேரேட்டில் எண்ணாகப் போனவருக்கும் பெயராகத் தங்கியவருக்கும் உள்ள தூரத்தை நினைத்து ஒரு நாள் முழுக்க வேறு எதுவும் படிக்க முடியவில்லை.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பின்கட்டு வீட்டை ஒட்டியே இருந்தது. அறைகளிலிருந்து கம்பி இழுத்து மணி அடிக்கும் ஏற்பாடு. ராத்திரி எந்நேரமும் மணி அடிக்கலாம். தீவில் வேலை முடிந்தால் குறைந்தபட்சம் எஜமானர் கண்ணில் படாமல் இருக்கலாம். இங்கே அதுவும் இல்லை. சாப்பாடும் துணியும் கொஞ்சம் மேல் என்பார்கள். இருக்கலாம். ஆனால் சமையல் செய்து, துவைத்து, குழந்தை தூக்கி, அந்தக் குடும்பத்தின் ரகசியம் எல்லாம் தெரிந்து, அதே குடும்பத்தின் சொத்துப் பட்டியலில் மேஜைக்கும் குதிரைக்கும் நடுவே தானும் ஒரு வரியாக இருப்பது எப்படிப்பட்ட வாழ்க்கை?

சார்ல்ஸ்டனுக்கே உரிய இன்னொரு வழக்கம், காமர்ஸ் மாணவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. தன் அடிமையை மற்றவரிடம் கூலிக்கு அனுப்பி, வரும் கூலியைத் தான் வாங்கிக்கொள்ளும் முதலாளிகள் அந்த ஊரில் நிறைய. அதற்கு நகரசபை லைசன்ஸ் போட்டது. வருடா வருடம் கட்டணம் கட்டி ஒரு செப்பு வில்லை வாங்க வேண்டும். அதில் வருடம், எண், தொழில் பொறித்திருக்கும். வேலைக்காரர், சுமைகூலி, மீன்காரர், கைவினைஞர் என்று. 1800லிருந்து உள்நாட்டுப் போர்க்காலம் வரை இது நடந்தது. வில்லை இல்லாமல் பிடிபட்டால் தண்டனை. இன்றைக்கு மண்ணைத் தோண்டினால் அந்த வில்லைகள் கிடைக்கின்றன, சேகரிப்பாளர்கள் போட்டி போட்டு ஏலம் எடுக்கிறார்கள். ஒரு மனிதனை வாடகைக்கு விட்ட ரசீது இருநூறு வருடம் கழித்தும் கைமாறி லாபம் தருகிறது.

இந்தப் பேட்டையிலிருந்து தெற்கே கொஞ்சம் நடந்தால் மேரியன் சதுக்கம். அங்கே கோட்டை மாதிரி ஒரு கட்டடம் உண்டு. 1799இல் டென்மார்க் வீஸி என்ற அடிமைக்கு லாட்டரியில் 1,500 டாலர் விழுந்தது. அதில் 600 கொடுத்துத் தன்னையே விலைக்கு வாங்கிக்கொண்டார். மனைவி மக்களை வாங்க முடியவில்லை. தச்சு வேலை செய்து, கறுப்பினத்தவர் தாங்களே நடத்திய தேவாலயத்தில் பெரிய மனிதராக இருந்தார். 1822இல் அவர் கலகத்துக்குத் திட்டமிட்டதாகச் சொல்லி அவரையும் சேர்த்து 35 பேரைத் தூக்கிலிட்டார்கள். அந்தத் தேவாலயத்தை இடித்தார்கள். பயம் போகவில்லை. ஆயுதக் கிடங்கும் காவல் கோட்டையும் கட்டினார்கள். 1842இல் அது சிட்டடல் என்ற ராணுவக் கல்லூரியாயிற்று. கல்லூரி 1922இல் ஆஷ்லி ஆற்றுக் கரைக்கு இடம் மாறியது. பழைய கட்டடம் இப்போது ஹோட்டல்.

வீஸியின் தேவாலயத்தின் வழிவந்த சபைதான் கல்ஹூன் தெருவில் உள்ள இமானுவேல் ஆலயம். 2015 ஜூன் 17 அன்று பைபிள் வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒன்பது பேரை ஒரு வெள்ளை இனவெறியன் சுட்டுக் கொன்றானே, அதே ஆலயம். ஏக்கன் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். சதுக்கத்தில் அடிமை முறையை நன்மை என்று வாதாடிய ஜான் கல்ஹூனின் சிலை உயரமான தூணில் நின்றது. 2020 ஜூனில் நகரசபை அதை இறக்கியது. தெருவின் பெயர் அப்படியேதான் இருக்கிறது.

போர் இந்த வீட்டுக்கும் வந்தது. ஏக்கன் மாநிலம் பிரிந்து போவதை விரும்பவில்லை என்கிறார்கள். ஆனால் போர் தொடங்கியதும் தென்தரப்புக்குப் பண உதவி செய்தார். 1863இல் வடதரப்பு பீரங்கிகள் துறைமுகத் தீவிலிருந்து ஊரின் கீழ்ப்பகுதியைச் சுட ஆரம்பித்தன. வடக்கே தள்ளி இருந்த ரேக்பரோ ஓரளவு தப்பியது. அதனால் தளபதி போரிகார்ட் தன் தலைமையகத்தை இந்த வீட்டுக்கு மாற்றினார். அந்த நவம்பரில் தென்தரப்பு அதிபர் ஜெஃபர்சன் டேவிஸும் இங்கே விருந்தாளி. 1865 பிப்ரவரி 18 அன்று வடதரப்புப் படை ஊருக்குள் நுழைந்தது. முன்னால் வந்தவர்களில் கறுப்பினச் சிப்பாய்களின் படைப்பிரிவும் ஒன்று. அவர்களில் பலர் அதே கரையோரப் பண்ணைகளில் அடிமைகளாக இருந்தவர்கள்.

ஒரே நாளில் ஏக்கனின் ஐந்தொகையில் மிகப் பெரிய சொத்து காணாமல் போயிற்று. நம் பாடத்தில் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது? அசாதாரண நஷ்டமா? மறுபக்கத்தில், ஆன் கிரெக்ஸ் கணக்கில் எதை வரவு வைப்பது? அவருக்கு வர வேண்டிய பல வருடக் கூலிக்குக் கணக்கே கிடையாது. யாரும் திறக்காத பேரேடு அது.

ஏக்கன் 1887இல் இறந்தார். வீடு மனைவிக்கு, பிறகு மகள் ஹென்ரியேட்டாவுக்கு வந்தது. அவர் கணவர் வழியில்தான் ரெட் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வருமானம் குறைந்தது. நெல்லும் செத்துக்கொண்டிருந்தது. கூலி கொடுக்க வேண்டும் என்றதும் அந்த விவசாயம் கட்டுப்படியாகவில்லை, மற்ற மாநிலங்களில் இயந்திர நெல் வந்துவிட்டது, 1893இலும் 1911இலும் அடித்த புயல்கள் மிச்சத்தை முடித்தன. ஜெஹோஸி இன்று வனவிலங்கு சரணாலயத்தின் ஒரு பகுதி. பழைய வயல் பாத்திகளில் வாத்துகள் இறங்குகின்றன.

வீட்டில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? ஒன்றும் செய்யவில்லை. அதுதான் விசேஷம். பயன்படுத்த முடியாத அறைகளை ஒவ்வொன்றாகச் சாத்தினார்கள். பெயிண்ட் அடிக்கவில்லை, சுவர்க் காகிதம் மாற்றவில்லை, பின்கட்டை இடிக்கவில்லை. 1975இல் கடைசி உரிமையாளரான ரெட் குடும்பத்து மருமகள் வீட்டை சார்ல்ஸ்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தபோது ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஒரே குடும்பத்தின் கையில் இருந்த வீடாக அது இருந்தது. ஊர் முழுக்க இதே கதைதான். போருக்குப் பிறகு கையில் காசில்லை. பழையதை இடித்துப் புதிதாகக் கட்டவும் வழியில்லை. வறுமை காப்பாற்றிய அழகு அது.

காசு கொஞ்சம் வர ஆரம்பித்ததும் இடிக்கவும் ஆரம்பித்தார்கள். முன்பு சொன்ன மானிகோ மாளிகை 1920இல் இடிபட இருந்தது. சூசன் பிரிங்கிள் ஃப்ராஸ்ட் என்ற பெண்மணி ஆள் சேர்த்து, சங்கம் ஒன்றைத் தொடங்கி, அதை நிறுத்தினார். ஆனால் வீட்டை வைத்துக்கொள்ளப் பணம் வேண்டுமே? தோட்டத்தை எண்ணெய்க் கம்பெனிக்கு விற்றார்கள், பெட்ரோல் பங்க் வந்தது. தோட்ட வாசலில் சின்னக் கோயில் போல வட்டமாக ஒரு அலங்கார மண்டபம் இருந்தது. அதைப் பெட்ரோல் பங்க் கழிவறையாக்கிவிட்டார்கள். :-) பிறகு அதையும் மீட்டார்கள். இந்தச் சண்டைகளின் விளைவாக 1931இல் நகரசபை பழைய பகுதிக்கென்று தனிக் கட்டடச் சட்டம் போட்டது. அமெரிக்காவிலேயே அப்படிப்பட்ட முதல் சட்டம்.

1947இல் தொடங்கிய 'ஹிஸ்டாரிக் சார்ல்ஸ்டன் ஃபவுண்டேஷன்' 1950களின் கடைசியில் ஒரு சுழல்நிதி உண்டாக்கியது. ஆன்சன்பரோ என்ற அடுத்த பேட்டையில் சிதைந்த வீட்டை வாங்கு, பழுது பார், அல்லது பார்க்கச் சம்மதிப்பவருக்கு நிபந்தனையோடு விற்றுவிடு, வந்த பணத்தில் அடுத்ததை வாங்கு. அறுபதுக்கும் மேற்பட்ட வீடுகள் பிழைத்தன. நிதி நிர்வாகப் பாடத்தில் வைக்கலாம், அவ்வளவு சாமர்த்தியம். ஆனால் அந்தச் சிதைந்த வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினக் குடும்பங்கள். அவர்கள் வெளியேறினார்கள். கொஞ்சம் தள்ளி, பெரிய நகர மன்றம் கட்ட 1960களில் ஒரு பகுதியையே காலி செய்தார்கள். ஒரு காலத்தில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர் வாழ்ந்த நகரம் அது. 2020 கணக்கெடுப்பில் அவர்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அவர்களுடைய முன்னோர் சுட்ட செங்கல், எழுப்பிய சுவர், வார்த்த இரும்புக் கதவு எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அந்த வீடுகளின் வாடகையைத்தான் அவர்களால் கொடுக்க முடியாது.

அதே ஃபவுண்டேஷன்தான் 1995இல் ஏக்கன்-ரெட் வீட்டை வாங்கியது. அவர்கள் கையில் ஏற்கெனவே நதேனியல் ரசல் வீடு என்று இன்னொன்று உண்டு. 1808ஆம் வருடத்துக்குக் கொண்டுபோய்ப் பளபளவென்று வைத்திருக்கும் மாளிகை, பிடிமானமே இல்லாமல் சுழன்று ஏறுவது போன்ற மாடிப்படிக்குப் பேர் போனது. இங்கே நேர் எதிர் முடிவு. கிடைத்தது கிடைத்தபடி. உரிந்த சுவர்க் காகிதம் உரிந்தபடி, வெடித்த சாயம் வெடித்தபடி. கூரை ஒழுகாமல், சுவர் விழாமல் பார்த்துக்கொள்வார்கள். புதுப்பிக்க மாட்டார்கள்.

காசை மிச்சம் பிடிக்கிற வேலையோ என்று முதலில் தோன்றும். உண்மையில் இதுதான் அதிகச் செலவு. புதிதாகப் பெயிண்ட் அடிப்பது சுலபம். உரிந்து விழப்போகும் 1830களின் பெயிண்டை அந்த நிலையிலேயே நிறுத்தி வைப்பதற்கு நிபுணர் வேண்டும். எனக்கு இந்த முடிவு பிடித்திருக்கிறது, காரணம் அழகியல் அல்ல. புதுப்பிப்பது என்றால் எந்த வருடத்துக்கு என்று கேள்வி வரும். ஏக்கன் விருந்து வைத்த 1858க்கா? அப்போது கூடத்தில் சரவிளக்கு மின்னும், பின்கட்டும் புதுச் சுண்ணாம்பு பூசி அழகாக இருக்கும். பார்க்க வருகிறவர் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். இப்போது இருக்கும் நிலையில் கலைக்கூடமும் சலவைக்கட்டும் ஒரே மாதிரி கிழிந்து நிற்கின்றன. எது முன்பக்கம், எது பின்பக்கம் என்ற பாகுபாடு அந்தச் சுவர்களில் கொஞ்சம் அழிந்திருக்கிறது. சில வருடம் முன்பு சலவைக்கட்டின் தரைக்கடியில் தொல்லியல் ஆய்வு நடத்தினார்கள். குண்டூசி, பொத்தான், தையல் சாமான் போன்றவை. பலகை இடுக்கில் விழுந்தவை. சரவிளக்குக்கு ரசீது இருந்திருக்கும். இந்தப் பொத்தானுக்கு எந்தக் கணக்கும் இல்லை. ஆனாலும் இரண்டும் ஒரே வீட்டுக்குள் தங்கிவிட்டன.

இதற்குச் சொல்லப்படும் எதிர்வாதத்தையும் மறைக்கக் கூடாது. சிதைவை ரசிப்பது ஒரு விதப் பணக்கார ருசி, அடிமைகள் படுத்த அறையின் காரை உதிர்வதைப் பார்த்து 'எவ்வளவு அழகு' என்று சொல்லிப் படம் பிடிக்கவும் ஆள் இருக்கிறார்கள் என்பது. உண்மைதான். தென்மாநிலங்களில் பண்ணை வீடுகளைக் கல்யாண மண்டபமாக வாடகைக்கு விடுவது பெரிய வியாபாரம். பேய் வீடு என்று டிக்கெட் போட்டு அழைத்துப் போகிறவர்களும் உண்டு.

2018 ஜூன் 19 அன்று சார்ல்ஸ்டன் நகரசபை அடிமை முறையில் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் போட்டது. ஆதரவு 7, எதிர்ப்பு 5. ஏகமனதாக இல்லை என்பதைக் கவனியுங்கள். கப்பல்கள் வந்து இறக்கிய கேட்ஸ்டன் துறை இருந்த இடத்தில் 2023 ஜூனில் சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் திறந்தது. அதில் ஒரு பகுதி குடும்ப வேர்களைத் தேடுவதற்கென்றே இருக்கிறது. யாராவது வந்து தங்கள் பாட்டிக்குப் பாட்டியின் பெயரைச் சொன்னால், பழைய உயில்கள், விற்பனைப் பத்திரங்கள், சொத்துப் பட்டியல்கள் எல்லாவற்றிலும் தேடிப் பார்க்கிறார்கள். முதலாளிகள் கடனுக்கும் வரிக்கும் பாகப்பிரிவினைக்கும் எழுதி வைத்த காகிதங்கள் அவை. ஆளின் பெயர், வயது, பக்கத்தில் டாலரில் ஒரு தொகை. பல குடும்பங்களுக்கு 1865க்கு முந்தைய முன்னோரைப் பற்றிக் கிடைக்கும் ஒரே எழுத்து அந்த ஒரு வரிதான். அந்த வரியைத் தேடித்தான் அங்கே வருகிறார்கள்.